முக்காம் எங்கே?

"நாசிக் பக்கம் போனால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கே தங்கலாம்?" என்று இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நால்வரும் ஆய்வு மாணவர்கள். நால்வருக்கும் கையில் காசு குறைவு, ஆசை அதிகம். ஆளுக்கொரு பாதி விடை சொல்லி அனுப்பினேன். முழு விடையை எழுதினால் சற்று நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற பிப்ரவரியில் அப்பா புனே வந்திருந்தார். கம்பம் பள்ளத்தாக்கை விட்டால் மதுரை, பழனி, சபரிமலை. அவ்வளவுதான் அவர் பார்த்த உலகம். நாற்பது ஆண்டுகளாகத் திராட்சைக் கவாத்துதான் தொழில். பிறர் பந்தலில் கூலிக்கு வெட்டியும், இடையில் சில ஆண்டுகள் குத்தகைக்கு எடுத்து நட்டப்பட்டும், மறுபடி கூலிக்கே திரும்பியும் என்னைப் படிக்கவைத்தவர். எங்கள் பக்கத்துப் பழம் பன்னீர்த் திராட்சை. தாவரவியலார் மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் அப்பாவுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னேன். "கூலி ஏறுமா?" என்று கேட்டார்.

புனேயில் ஒரு தள்ளுவண்டியில் பச்சை நிற விதையில்லாத் திராட்சையைப் பார்த்தார். ஒன்றை வாயில் போட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். எந்த ஊர்ப் பழம் என்றார். நாசிக் என்றேன். "நம்மூருக்கு லாரியில வந்து எறங்குதே, அது இதானா?" பிப்ரவரி, மார்ச்சில் வடக்கிலிருந்து இந்தப் பழம் வந்து இறங்கும் நாள்களில் பன்னீர்த் திராட்சையை யாரும் சீந்துவதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. வண்டிக்காரரிடம் கால் கிலோ வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, "அந்தத் தோட்டத்த ஒரு தடவ பாக்கலாமா பாப்பா?" என்றார். அவர் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டதாக எனக்கு வேறு நினைவில்லை.

துறையில் என்னோடு ஆய்வு செய்யும் தோழி ஒருத்தி சின்னர்க்காரி. அண்ணனுடைய பழைய காரை ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். முதல் நாள் புனேயிலிருந்து நாசிக், சுமார் 210 கிலோமீட்டர். இரண்டாம் நாள் திண்டோரி, வணி வழியாக மலையேறிக் குஜராத் எல்லையில் சாபுதாரா. மூன்றாம் நாள் திரும்புவது. சாபுதாராவில் தங்குவதில் குழப்பமில்லை. மலை ஊர், விடுதிகள் நிறைய. சிக்கல் முதல் இரவுதான்.

இரவுத் தங்கலைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கொரு கொள்கை உண்டு. பெரும்பாலோர் மாலை ஆறு மணிக் காட்சியைப் பார்த்து அறை எடுக்கிறார்கள். விளம்பரப் படங்கள் எல்லாமே மாலை ஆறு மணிக்கு எடுத்தவை. நான் காலை ஆறு மணியைப் பார்த்து எடுப்பேன். திராட்சைத் தோட்டம் என்றால் இது இன்னும் பொருந்தும். அறுவடை விடியலின் குளிரில்தான் நடக்கும். வெயில் ஏறிய பிறகு போனால் காலிக் கூடைகளைப் பார்க்கலாம். நாசிக் நகருக்குள், பஞ்சவடியிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ தங்கினால் விடியலில் நகர நெரிசலைக் கடந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பிம்பள்காவ் பஸ்வந்த்தில் மலிவான லாட்ஜுகள் உண்டு. ஆனால் மும்பை–ஆக்ரா சாலையின் லாரிகள் இரவு முழுவதும் தலையணைக்கடியில் ஓடும். ஆகவே தோட்டத்துக்குள்ளேயே தங்குவது என்று முடிவுசெய்தேன்.

தேடினால் வருபவை எல்லாம் ஒயின் ஆலைகளின் தங்கும் விடுதிகள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தத் தொல்லை இருந்திருக்காது. சுலா தன் முதல் ஒயினை வெளியிட்டதே 2000-இல்தான். மகாராட்டிர அரசின் ஒயின் கொள்கை 2001-இல் வந்தது. இன்று கங்காபூர் அணை நீரை நோக்கி வரிசையாக ஆலைகள். அவற்றில் நீச்சல் குளங்கள், சுவைக்கூடங்கள், கொடிகளைப் பார்த்தபடி படுக்கை. அப்படி ஒன்றில் பதிவுசெய்தேன். இரண்டு அறைகள், மொத்த வாடகை என் மாத உதவித்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கடைசி நேரத்தில் விலக்கினால் பணம் திரும்பாது என்ற வரியையும் படித்துவிட்டுத்தான் கட்டினேன். வாழ்நாளெல்லாம் திராட்சைக்குக் கீழே நின்றவரை ஒரு நாள் திராட்சைக்கு எதிரே மெத்தையில் படுக்கவைப்பது என்ற எண்ணம் எனக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. படத்தை அம்மாவுக்கும் அனுப்பினேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு அம்மாவின் குரல் பதிவு வந்தது. "ஏம்மா, ஒயின் காய்ச்சுற எடத்துலயா அப்பாவப் படுக்க வைக்கப் போற? ஒனக்கென்ன கிறுக்கா?"

என் அறிவு வேலை செய்த லட்சணத்தை இங்கே சொல்லியாகவேண்டும். நான் முதலில் அதைப் பொருள் வேறுபாடு என்றே எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் 'ஒயின்ஷாப்' என்றால் ஒயின் விற்கும் கடை என்று பொருளில்லை. பிராந்தியோ ரம்மோ விற்கும் எந்தக் கடையும் ஒயின்ஷாப்தான். 2003-இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டு பலகையை மாற்றிய பிறகும் அந்தப் பெயர் வாயிலிருந்து போகவில்லை. அம்மா அந்தப் பொருளில் புரிந்துகொண்டாள், பாவம், என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். படுத்துக் கால்மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அப்பா குடியை விட்டு அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குடித்த காலத்தையும் பேசுவதில்லை, விட்ட நாளையும் பேசுவதில்லை. 'சாப்பிட்டாரா?' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்தது; அது சோற்றைப் பற்றியதன்று. பேசாமலே இருந்து இருந்து நான் மறந்தே போயிருக்கிறேன். அம்மா மறக்கவில்லை. அப்பா மறந்திருப்பாரா என்று யோசிக்கும்போது மணி ஒன்று.

விலக்கும் நேரம் கடந்துவிட்டது. பணம் போகும் என்பதாலா, அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்கப் பயந்தா, இரண்டில் எது அதிகம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. காலையில் ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறினேன்.

நாராயண்காவில் தேநீருக்கு நிறுத்தினோம். தமாஷாக் கூத்துக் குழுக்களின் ஊர் என்றே மராட்டியர் அதைச் சொல்வார்கள். 1980-களில் பிரெஞ்சு நுட்ப உதவியோடு இங்கே நுரைக்கும் ஒயின் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய நிறுவனம் ஒன்று இருந்தது. பின்னாளில் கடனில் மூழ்கியது. தேநீர்க்கடைப் பெரியவர் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "முக்காம் குடே?" என்று கேட்டார். இரவு தங்கல் எங்கே என்று பொருள். அப்பா என்னைப் பார்த்தார். "முகாமா? நாம என்ன அகதியா?"

இந்த இடத்தில் ஒரு மொழியியல் மாணவி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அதிலும் மராட்டி வழியாகத் தமிழுக்கு வந்த நிருவாகச் சொற்களையே ஆய்வாக எடுத்துக்கொண்டவள். இரண்டும் ஒரே சொல்தான். நிற்கும் இடம், தங்கும் இடம் என்ற பொருளுடைய அரபுச் சொல் பாரசீகத்தின் வழியே இந்திய மொழிகளுக்குள் வந்தது. மராட்டியில் அது வீட்டுச் சொல் ஆகிவிட்டது. கடித முகவரியிலேயே ஊர்ப்பெயருக்கு முன் 'முக்காம் போஸ்ட்' என்பதன் சுருக்கமாக 'மு.போ.' என்று எழுதுவார்கள். இரவில் கடைசியாக ஒரு கிராமத்துக்குப் போய் அங்கேயே நின்று காலையில் திரும்பும் அரசுப் பேருந்துக்கு முக்காம் வண்டி என்று பெயர். தமிழில் அது படையோடும் அதிகாரிகளோடும் வந்ததால் அவர்களோடே நின்றுவிட்டது: இராணுவ முகாம், அகதிகள் முகாம், கண் சிகிச்சை முகாம். தமிழர் தம் வீட்டில் முகாமிடுவதில்லை. விருந்தாளி போக மறுத்தால்தான் 'முகாம் போட்டுவிட்டார்' என்போம். இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம முக்காம் எங்க?" என்றார். ஒரு ஓட்டல் என்று மட்டும் சொன்னேன்.

சங்கம்நேர், சின்னர் கடந்து பிற்பகல் மூன்றரைக்கு அந்த இடத்தை அடைந்தோம். வாயிலிலிருந்தே கொடிகள் தொடங்கின. அப்பா காரிலிருந்து இறங்கியவர் வரவேற்பறைப் பக்கம் திரும்பவேயில்லை. நேரே வரிசைக்குள் போய்விட்டார்.

"பந்தல் எங்க பாப்பா?"

"ஒயின் திராட்சைக்குப் பந்தல் கெடையாதுப்பா. கம்பியில நிறுத்தி வளக்குறாங்க."

"வேலி மாதிரில்ல இருக்கு." ஒரு கொடியின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். எத்தனை கண் விட்டு வெட்டியிருக்கிறார்கள் என்று எண்ணினார். குனிந்து நிமிர்ந்து, "பந்தல்ல அண்ணாந்து அண்ணாந்து எங்களுக்குக் கழுத்து போச்சு. இங்க குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிரும்" என்றார். சுற்றிக் காட்டிய இளைஞர் இந்த ஆராய்ச்சியை மிகவும் ரசித்தார். எந்த வரிசை ஷிராஸ், எது செனின் பிளாங்க் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பிரான்சின் போர்டோ என்ற பெயரைச் சொன்னதும் அப்பா நின்றார்.

"போர்டோவா? மருந்தா?"

தமிழ்நாட்டில் திராட்சையோ வெற்றிலையோ வைத்த எவருக்கும் போர்டோக் கலவை தெரியும்: மயில்துத்தமும் சுண்ணாம்பும். போர்டோ என்பது ஓர் ஊர், ஒயினுக்குப் பெயர்போன ஊர், அங்கேதான் அந்த மருந்து பிறந்தது என்று நான் சொன்னதை அவர் நம்பத் தயங்கினார். வழிப்போக்கர் பழத்தைப் பறித்துத் தின்னாமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மட்டும் நீல நீரைத் தெளித்தார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-இல் அதை எழுதினார். "திருடனுக்காக அடிச்சதா?" என்று அப்பா சிரித்தார். அன்றைய நாளில் நான் பார்த்த நல்ல சிரிப்பு அது.

பிறகு தொட்டிகள் இருக்கும் கூடத்துக்குள் போனோம். அறுவடைக் காலமாதலால் நசுக்கிய பழம் புளித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த, இனிப்பும் புளிப்புமான, தொண்டைவரை இறங்கும் வாசம். இளைஞர் ஈஸ்ட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன், அப்பா இல்லை. வெளியே ஒரு மரத்தடியில், கல் மேல் உட்கார்ந்திருந்தார். தலைவலி என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அறைச் சாவி என் கையில் இருந்தது. சுவைக்கூடத்தின் மாடியில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. கோப்பைகளின் ஒலி கீழே நன்றாகக் கேட்டது. தோழி எதையோ புரிந்துகொண்டு கார் நிறுத்திய பக்கம் நடந்துவிட்டாள்.

"பாப்பா, வேற எடம் பாக்க முடியுமா?"

"ரூம் பிடிக்கலையாப்பா?"

"ரூமுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு." சற்று நேரம் அணையின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "வாசம் வருது."

அவ்வளவுதான் சொன்னார். ஒன்பது ஆண்டுகளில் அதைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் சொல் அது. நான் பதில் சொல்லாமல் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மேலாளர் நல்ல மனிதர். உடல்நலக் குறைவா, மருத்துவர் வேண்டுமா என்று கேட்டார். பணம் விதிப்படி திரும்பாது, எனக்கே தெரியும். அந்த மாதம் மெஸ் பாக்கி வைத்தேன் என்பதோடு அந்தக் கணக்கை விடுகிறேன்.

மணி ஐந்தரை. இருட்டுவதற்குள் ஓரிடம் வேண்டும். தோழி, சாபுதாராவுக்கே போய்விடலாம் என்றாள். குஜராத், சட்டப்படி மது இல்லாத மாநிலம், அப்பாவுக்கு அதைவிடப் பாதுகாப்பான ஊர் கிடையாது என்றாள். யோசனை நல்லதுதான். ஆனால் எண்பது கிலோமீட்டர், கடைசிப் பகுதி மலைப்பாதை, வழியெல்லாம் பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள். அழகான சாலையை இருட்டில் கடப்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம். திண்டோரி சாலையில் போவோம், கிடைத்த இடத்தில் தங்குவோம் என்று கிளம்பினோம்.

கிடைத்த முதல் லாட்ஜில் அறை இருந்தது. ஆதார் அட்டைகளைக் கேட்டார்கள். மேசைக்காரர் என் அட்டையையும் அப்பாவின் அட்டையையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "ஆட்நாவ் எங்கே?" என்றார். குடும்பப் பெயர். எங்களுக்கு அது கிடையாது. என் பெயருக்கு முன் இருக்கும் ஒற்றை எழுத்துதான் என் அப்பா. பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றடுக்காகப் பெயர் வைக்கும் நாட்டில் அந்த ஒற்றை எழுத்தை யார் நம்புவார்கள்? ஐம்பத்தெட்டு வயது ஆணொருவர், இரண்டு இளம்பெண்கள், மூன்று பேருக்கும் ஒட்டாத பெயர்கள். அவர் நினைத்தது அவர் முகத்தில் தெரிந்தது. தோழி மராட்டியில் சத்தம் போட்டாள். என்ன பேச்சு என்று அப்பாவுக்குப் புரியவில்லை, நான் மொழிபெயர்க்கவுமில்லை. "எடமில்லையாம்ப்பா" என்றேன். பெயரிடல் மரபு குறித்துக் கருத்தரங்குகளில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் படித்தது அன்றுதான்.

சாலையோரத்தில் காரை நிறுத்தி, தோழி யார் யாருக்கோ பேசினாள். அவள் அம்மாவுக்குத் தூரத்து உறவு, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், திண்டோரியைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருந்தார். மூன்று ஏக்கர் திராட்சை. அவரும் முதலில் கேட்டது, "முக்காம் குடே?" என்றுதான், இவள் தெரியவில்லை என்றாள், அப்படியானால் வா என்றார்.

போய்ச் சேரும்போது எட்டு மணி. வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் தோட்டம். அப்பா கைப்பேசி விளக்கை உயர்த்திப் பிடித்தார். தலைக்கு மேலே கம்பிவலை, அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் குலைகள். "பந்தல்!" என்றார். ஆசிரியர் "மாண்டவ்" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். சூடான பாக்ரியும் பிட்லாவும் பச்சைமிளகாய்த் தெச்சாவும் போட்டார்கள். பிட்லா கடலைமாவில் செய்வது. நம் பிட்லைக்கு இது அக்காளாக இருக்கலாம் என்று நான் தொடங்கியதும் தோழி காலை மிதித்தாள்.

பெண்கள் உள்ளறையில், அப்பா திண்ணையில் என்று ஏற்பாடு. எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அப்பாவும் விழித்தே இருந்தார். களத்துக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை. அதன் முன் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அறுவடைக்கு வந்த தொழிலாளர் குடும்பங்கள், சுர்காணா பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். மழையை நம்பிய மலை நிலம் அவர்களுடையது. அங்கே வேலை முடிந்ததும் கவாத்துக்கும் அறுவடைக்கும் கீழே இறங்கி வந்து இப்படிக் கொட்டகைகளில் தங்குவார்கள்.

"நானும் இப்பிடித்தான் கெடந்தேன்," என்றார் அப்பா. "மோட்டார் ரூம்ல. கல்யாணத்துக்கு முன்னாடி."

நான் பேசவில்லை.

"பகலெல்லாம் மருந்தடிப்போம். துத்தம் வாய்க்குள்ள போயிரும். என்ன தின்னாலும் அந்தக் கசப்புதான். மொதலாளி ராத்திரி கால் பாட்டில் குடுத்து விடுவாரு, நாக்குக்கு நல்லதுன்னு. கூலியிலதான் புடிச்சுக்குவாரு, அது பெறகுதான் தெரிஞ்சுச்சு." நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பய சொன்னான்ல, போர்டோன்னு. அதுல ஆரம்பிச்சதுதான் எல்லாம்."

பிறகு, குளிருகிறது, உள்ளே போய்ப் படு என்றார்.

நான் விழித்தபோது திண்ணையில் அப்பா இல்லை. மணி ஆறேகால். பந்தலுக்கடியில், வரிசையில் ஐந்தாறு பேரோடு நின்று குலை வெட்டிக்கொண்டிருந்தார். யாரிடமோ கத்தரி வாங்கியிருக்கிறார். காம்பை மட்டும் இரு விரலால் பிடித்து, பழத்தின் மேலிருக்கும் வெண்பூச்சில் விரல் படாமல் வெட்டி, பெட்டியில் சாய்த்து வைக்கும் அந்த வேலை எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலும். பக்கத்தில் நின்ற நடுவயதுக்காரர் அவருடைய கையைப் பார்த்துத் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். அவர்களுக்குள் பேசியது கோக்ணா, பிறரிடம் மராட்டி. அப்பாவுக்கு இரண்டும் தெரியாது. ஆனாலும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா குலையைக் காட்டிக் 'கொத்து' என்றார். அவர் 'கட்' என்றார். அப்பா கொடியின் மொட்டைத் தொட்டுக் 'கண்ணு' என்று தம் கண்ணையும் காட்டினார். அவர் 'டோளா' என்று தம் கண்ணைக் காட்டினார். ஒற்றைப் பழத்தைக் கிள்ளி அவர் 'மணி' என்றபோது அப்பா வேலையை நிறுத்திவிட்டார். "நாங்களும் மணின்னுதான் சொல்லுவோம்!" தமிழில் சொன்னார், அவர்களுக்குப் புரிந்தது. மணி வடமொழி வழியாக இரண்டு பக்கமும் போன சொல் என்று எனக்குத் தெரியும். அன்று காலை அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

தோழி எழுந்து வந்து இடையில் நின்று மொழிபெயர்த்தாள். ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. அக்டோபர்க் கவாத்துக்குத்தான் பழம். கம்பத்தில் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் பறிப்பு நடந்துகொண்டிருக்கும் என்று அப்பா சொன்னதை அவர்கள் நம்பவில்லை. மொட்டு உடையக் கவாத்து முடிந்ததும் மருந்து தடவுவது, குலைகளை மருந்தில் முக்கி எடுப்பது, அதில் கை வெந்துபோவது என்று பேச்சு போயிற்று. எங்கெல்லாம் தங்குவீர்கள் என்று அப்பா கேட்டார். தோட்டம் எங்கேயோ முக்காம் அங்கே, என்றார் அந்த மனிதர். பிறகு தானாகவே 2018 மார்ச்சைப் பற்றிச் சொன்னார். வன நில உரிமைக்காக நாசிக்கிலிருந்து மும்பைக்கு நடந்தவர்களில் அவரும் அவர் மனைவியும் உண்டு. சுமார் 180 கிலோமீட்டர், ஒவ்வோர் இரவும் சாலையோரத் திடல்களில் தங்கல். கடைசி இரவு மட்டும் முக்காம் போட்ட இடத்தில் தூங்கவில்லை. மறுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வு, பகலில் நடந்தால் போக்குவரத்து நிற்கும் என்று நள்ளிரவிலேயே எழுந்து நடந்து ஆசாத் மைதானத்துக்குப் போனோம் என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஆக, நண்பர்களே, நாசிக்கில் எங்கே தங்கலாம் என்று கேட்டால் திண்டோரிப் பக்கம் என்பேன். வணி வழியாகச் சாபுதாரா போகும் சாலைக்கு அதுவே நல்ல தொடக்கம். காலையில் சப்தசிருங்கி மலை வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். பிப்ரவரியில் போங்கள். ஆறு மணிக்கு எழுந்திருங்கள். அந்த ஆசிரியரின் முகவரியைக் கேட்காதீர்கள், அது விடுதியன்று. ஒயின் ஆலையில் தங்க விரும்புவோர் தாராளமாகத் தங்கலாம், கொடிகள் மிக அழகு. கூட வருபவரிடம் ஒரு சொல் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டிருக்கவேண்டும். ஆட்நாவ் இல்லாதவர்கள் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், அதிலாவது அப்பா பெயர் தனியாக இருக்கும்.

வணிக்குச் சற்று முன்னால், அம்மாவின் அழைப்பு வந்தது. முதலில் அப்பாவிடம் பேசினாள். எங்கே தங்கினீர்கள் என்று கேட்டிருப்பாள், "ஒரு பந்தலுக்குப் பக்கத்துல. நம்மூரு மாதிரியே" என்றார் அப்பா. பிறகு, அவளிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். கைப்பேசி என்னிடம் வந்தது. அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்பா சன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா சாப்பிட்டாரா?" என்றாள்.

"பாக்ரியும் பிட்லாவும்மா," என்றேன். "ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு."